கண்ணாடித் தொட்டியும் பழவேற்காடு ஏரியும்

உங்கள் வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி இருக்கிறதா? அல்லது வாங்கித் தருமாறு பிள்ளைகள் நச்சரிக்கிறார்களா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்குரியது.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கருங்கோடிட்ட மீன்களையும், செந்தொண்டை மீன்களையும், நெற்றி புடைத்த மீன்களையும் நீங்கள் கண்டிருக்கலாம். இவற்றின் பூர்வீகம் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகரகுவா போன்ற நடு அமெரிக்க நாடுகள். சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. அதே குடும்பத்தின் நம் நாட்டு உறுப்பினர்கள், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடு ஏரியில் வாழ்கின்றன என்பதைப் பலர் அறியார். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீன் அவற்றுள் ஒன்று. செல்லக்காசு எனப்படும் சிறிய மஞ்சள் மீன் மற்றொன்று. ஜமீலாபாத், கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் முதலிய ஏரிக்கரைக் கிராமத்தாருக்கு இவை அன்றாடம் வலையில் காணும் மீன்களே.

அடையாளம் காண்பது எப்படி?

பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூக்குத் துளைகள் உண்டு, சிக்லிட்டுக்கு ஒன்றே. அடுத்து, வயிற்றின் பின்பக்கத்து அடித்துடுப்பில் உள்ள முட்களை எண்ணுங்கள். ஜிலேபிக் கெண்டைக்கு 3 முட்கள். நடு அமெரிக்க இனங்களுக்குப் பெரும்பாலும் 4 முதல் 10 வரை. கரிமீனுக்கும் செல்லக்காசுக்கும் 12 அல்லது அதற்கு மேல்.

இனிக் கடைகளில் விற்கும் இனங்களைப் பார்ப்போம். சாம்பல் உடலில் எட்டு ஒன்பது கறுப்புப் பட்டைகள் இருந்தால் அது கன்விக்ட். பெண் மீனின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் தெரியும். தொண்டை சிவந்து, செவுள் மூடியில் கரும்புள்ளி கொண்டது ஃபயர்மவுத். சினம் கொண்டால் செவுளை விரித்துக் காட்டும். இவ்விரண்டும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டுவதில்லை. குட்டியாயிருக்கையில் அழகாகத் தோன்றும் ஜாகுவாரோ முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, தொட்டியிலுள்ள சிறு மீன்களையெல்லாம் விழுங்கிவிடும். நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் இயற்கையில் இல்லாத கலப்பினம்; 1990களில் மலேசியாவில் நடு அமெரிக்க இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. அதன் புடைப்பு அதிர்ஷ்டம் தரும் என்று கூறி விலையேற்றுவோர் உண்டு. அது வாணிபப் பேச்சேயன்றி வேறில்லை. அதை நம்பிப் பணத்தைப் பாழாக்காதீர்கள்.

பெற்ற பாசம்

சிக்லிட்டுகளின் சிறப்பு அவற்றின் குழந்தை வளர்ப்பு. முட்டையிட்டதோடு கடமை முடிந்ததென்று இவை போய்விடுவதில்லை. கன்விக்ட், செல்லக்காசு இரண்டிலும் தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டைகளைக் காத்து, துடுப்பால் நீரை விசிறி, குஞ்சுகளை மேய்த்துச் செல்கின்றன. செல்லக்காசுக் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். இந்நடத்தையை ஆராய்ந்து வார்டு, பார்லோ என்னும் அறிஞர்கள் 1967இல் எழுதினர். பின்னர் நிகரகுவாவின் மைடாஸ் மீன்களிடமும் இதே வழக்கம் காணப்பட்டது. பெருங்கடல்கள் பிரித்த உறவினரிடையே எத்தகைய ஒற்றுமை பாருங்கள்!

வளர்க்கும் முறை

ஓர் இணை கன்விக்டுக்கு 100 லிட்டர் தொட்டியாவது வேண்டும். ஃபிளவர்ஹார்ன் ஒன்றுக்கே 250 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். புதிய தொட்டியில் உடனே மீன்களை நிரப்பாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய் நீராயின் அதனை நீக்கிய பின்னரே ஊற்றுங்கள். நடு அமெரிக்க மீன்களுக்குச் சற்றுக் கடினமான நீரே ஏற்றது. வெப்பம் 25 முதல் 28 பாகை வரை இருக்கலாம். செல்லக்காசு வளர்ப்போர் நீரில் சிறிது உப்புச் சேர்ப்பது நல்லது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் இவை மூர்க்கமாகும். பிற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இரக்கம் எது?

மீன் பெருத்துவிட்டது, தொட்டி போதவில்லை. கொல்லவும் மனமில்லை. “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று வாளியோடு எடுத்துச் சென்று ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறோம். பார்வைக்கு இது இரக்கம். ஆனால் விளைவு என்ன?

1952இல் ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்காக, நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தனர். இன்று அது நுழையாத நீர்நிலை அரிது. உப்புநீரையும் தாங்கி, பழவேற்காடு ஏரியிலும் குடியேறி, கரிமீனின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. நடு அமெரிக்க இனங்களிலும் உப்பைத் தாங்குபவை உண்டு. மாயன் சிக்லிட் என்னும் மீன் 1983இல் அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. பின்னர்த் தென் புளோரிடா முழுதும் பரவிவிட்டது. ஒருமுறை பெருகியதை எவராலும் திரும்ப அள்ள இயலாது.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் எவர் வலை இடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். ஏரி ஒருவருக்குச் சொந்தமானதன்று; அதன் வரவும் இழப்பும் எல்லோரையும் சாரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதால் ஏற்கெனவே துன்புறும் அம்மக்களின் வலைகளில், நம் வீட்டு வாளியிலிருந்து சென்ற அந்நிய மீன் மேலும் ஒரு சுமையாக வேண்டுமா?

பூனையைக் கட்டிப்போட்டு உணவளியாத பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். அடைத்து வளர்க்கும் உயிர் நம்மிடமுள்ள அமானிதம். அதன் பொறுப்பு வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகவே கடையில் விலையைக் கேட்குமுன், “இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்?” என்று கேளுங்கள். வளர்க்க இயலாமற்போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்படையுங்கள். முற்றத்துத் தொட்டியாயின், ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பி வழியாதபடி வலையிட்டு மூடுங்கள்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைப் பழவேற்காட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள். கரைக்கு வரும் மீன்கூடையில் ஒரு கரிமீனைக் காட்டி, அதன் அடித்துடுப்பு முட்களை எண்ணச் சொல்லுங்கள். வீட்டுத் தொட்டியில் நீந்தும் மீனின் உறவினர் இதுவெனத் தெரிந்துகொண்ட பிள்ளை, நாளை வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகாது.