படியை எண்ணத் தெரிந்தவர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் கூட்டத்திற்குக் குறைவிருக்காது. அருவியில் நீராடித் திரும்புகிறவர்களிடம், "எத்தனை படி ஏறினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. நடக்க முடிந்தவனுக்குப் படி ஒரு பொருட்டன்று. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ முதற்படியே கடைசிப் படி! அந்தப் படியை எண்ணத் தெரிந்தவரையே ஆலோசகராக அமர்த்தி, அலுவலகங்களையும் ஆலைகளையும் கல்லூரிகளையும் திருத்தி அமைக்கும் ஒரு தொழில் இன்று வளர்ந்து வருகிறது. அதனை நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு அருகில் ஒரு சான்று

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி போதும். பொறியியல் மாணவராயிருந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது மரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர் 1981-இல், ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாகவே அப்பெயரைச் சூட்டினார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பட்டயக் கணக்கர் திரு. எஸ். சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவர்களைத் தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகவே மேடைகளில் பேசுகிறோம். அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. அங்கே முடிவெடுக்கும் இடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவர்களே அமர்ந்தார்கள். வழி எங்கே தடைப்படும் என்பதை அவர்களுக்கு வேறு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆலோசகர் செய்வது என்ன?

முதலில் அவர் வெளிவாயில் தொடங்கி வேலை செய்யும் மேசை வரை, ஓர் ஊழியர் செல்லும் வழியெல்லாம் தாமே செல்கிறார். கையில் அளவுநாடா இருக்கும். சாய்தளம் 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. அரை அடி வாசற்படிக்கு 6 அடிச் சாய்தளம் தேவை. இடமில்லை என்று அதை 2 அடியில் முடித்துவிட்டால் அது சாய்தளமன்று, சறுக்குமரம்! கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கிறதா, கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப 150 சென்டிமீட்டர் வெளி உண்டா என்று பார்க்கிறார்.

கட்டடத்தோடு வேலை முடிவதில்லை. பார்வையற்றவர்க்குத் திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் அலுவலகத்தின் கணினி நிரல் அதற்கு ஒத்துழைக்காவிட்டால் பயன் என்ன? காது கேளாதவர்க்குக் கூட்டத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். வெளியே தெரியாத குறைபாடு உடையவர் தம் இடரை மேலாளரிடம் சொல்ல அஞ்சலாம். அவரோடு தனியே பேச வேண்டும். இவற்றையெல்லாம் தொகுத்து, இன்றே செய்யக்கூடியவை எவை, பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டியவை எவை என்று பிரித்து அறிக்கை தருகிறார்.

அனுபவம் மட்டும் போதுமா?

போதாது. நடைபாதையின் விளிம்பைத் தரையோடு சமமாக்கினால் சக்கர நாற்காலிக்கு எளிது. ஆனால் பார்வையற்றவரின் கோலுக்கு அந்த விளிம்பே பாதை முடிந்து சாலை தொடங்குவதற்கான அறிகுறி. அது மறைந்தால் ஆபத்து! எனவே அங்கே காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் புடைப்போடு கூடிய கற்களைப் பதிக்கிறார்கள். அக்கற்களை வழியெங்கும் பரப்பிவிட்டாலோ சக்கர நாற்காலி குலுங்கும். ஒருவரது வசதி மற்றவர்க்கு இடராகலாம். தம் அனுபவம் தம்முடையது மட்டுமே என்று உணர்ந்து, பிறரையும் கேட்டறிந்து, அளவையும் சட்டத்தையும் கற்பவரே நல்ல ஆலோசகர்.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்த அரசு ஊழியரை அதன் காரணமாக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தராமல் மறுப்பதே பாகுபாடு என்றும் வரையறுக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம், அணுகல் வசதிக்கான நெறிகள் விருப்பப்பட்டால் பின்பற்றும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே ஆலோசகர் கேட்பது கருணையன்று, உரிமை. அவர் உழைப்பும் நன்கொடையன்று. ஊதியம் தரப்பட வேண்டிய தொழில் அது.

முடிவாக

எங்கள் வகுப்பில் ஊன்றுகோலுடன் வரும் நண்பர் ஒருவர் உண்டு. மாடியில் வகுப்பு என்றால் மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டுவிடுவார். ஒருநாளும் அவர் தாமதமாக வந்ததில்லை. அதனாலேயே அவருக்கு இடர் இருப்பது எங்களுக்குத் தெரியவில்லை. இக்கட்டுரைக்காகப் பேசியபோதுதான், "இருபத்திரண்டு படி, பன்னிரண்டாவது படியில் கைப்பிடி முடிந்துவிடும்" என்றார். மூன்றாண்டுகளாக அதே படிகளில் ஓடி ஏறிய எனக்கு அது தெரியாது!

உறுப்புக் குறை இழுக்கன்று, முயற்சியின்மையே இழுக்கு என்பது வள்ளுவர் ஆள்வினையுடைமையில் தரும் கருத்து. நண்பரிடம் முயற்சிக்குக் குறைவில்லை. குறை கைப்பிடியில் இருக்கிறது. அதைவிட, அவரிடம் கேட்காத நம்மிடம் இருக்கிறது. 2022-இல் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே செல்ல மரப்பாதை அமைத்தார்கள். மணலில் முடிந்தது மாடிப்படியில் முடியாதா? நாளை நம்மில் பலர் அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் பொறுப்பேற்போம். அன்று ஒரு கட்டடத்தின் வரைபடம் நம் மேசைக்கு வந்தால், கையெழுத்திடுமுன் படியை எண்ணத் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்போமாக!