கிணற்று ஜலத்திற்கும் கணக்கு உண்டு

விதை, எரு, உழவு, ஆட்கூலி ஆகியவற்றிற்குச் செலவு எழுதி வைக்கும் குடியானவர்களும் கிணற்று ஜலத்திற்கென்று தனிப் பத்தி ஒன்றை ஒதுக்குவதில்லை. கையிலிருந்து காசு போகாத பொருளுக்குக் கணக்கு எதற்கு என்பது பொதுவான எண்ணம். பொருளாதார சாஸ்திரம் இவ்வெண்ணத்தை ஒப்புவதில்லை. விலை வேறு, செலவு வேறு என்பது அந்நூலின் முதற் பாடங்களுள் ஒன்று. விலை கொடாமற் பெற்ற பொருளுக்கும் யாரேனும் ஒருவர், எப்பொழுதேனும் ஒரு காலத்தில், செலவைத் தாங்கியே தீரவேண்டும்.

கவலையும் மோட்டாரும்

மாட்டைப் பூட்டிக் கவலையால் இறைத்த காலத்தில் ஜலத்தின் செலவு கண்ணெதிரே தெரிந்தது. ஜலமட்டம் இறங்க இறங்க வடத்தின் நீளம் கூடிற்று, மாடு களைத்தது, நாளொன்றுக்குப் பாயும் நிலம் குறைந்தது. ஆகவே கோடையில் எவ்வளவு நிலத்தில் பயிரிடலாமென்பதை மாடே தீர்மானித்தது எனலாம்.

1932-ஆம் வருஷத்தில் பைகாரா மின்சார நிலையம் வேலை தொடங்கிய பின், கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மின்சாரப் பம்புகள் பரவலாயின. சிறு விவசாயிகளுக்கு 1984-லும், விவசாயிகள் அனைவருக்கும் 1990-லும் தமிழ்நாட்டில் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இச்சலுகையால் புஞ்சை நிலங்கள் பல தோட்டங்களாயின. ஏழைக் குடியானவரும் பம்பு வைத்துப் பயிரிட முடிந்தது. இந்நன்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் மாடு களைத்து நின்ற இடத்தில் மோட்டார் நிற்பதில்லை. எங்கே நிறுத்துவதென்பதை இப்பொழுது மனிதனே கணக்கிட்டு அறியவேண்டியிருக்கிறது.

ஓர் அங்குல ஜலத்தின் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் ஜலம் நிற்க வேண்டுமானால் சுமார் 1,03,000 லிட்டர் தேவை. மோட்டார், பம்பு, குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்து, செலவாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஜலமட்டம் 30 அடியில் இருந்தால் இவ்வளவு ஜலத்தை மேலே கொணரச் சுமார் 6½ யூனிட் மின்சாரம் செலவாகும். 300 அடியில் இருந்தால் சுமார் 64 யூனிட்டும், 600 அடியில் இருந்தால் சுமார் 128 யூனிட்டும் செலவாகும். இங்கு அடிக் கணக்கு என்பது துளையின் ஆழமன்று. இறைக்கும்போது ஜலம் நிற்கும் மட்டமேயாகும்.

இதைக்கொண்டு பயிர்களை ஒப்பிடலாம். மழையின் உதவியின்றி முழுவதும் இறைத்தே பயிரிடுவதானால், நெல்லுக்குச் சுமார் 48 அங்குலமும், நிலக்கடலைக்குச் சுமார் 22 அங்குலமும், கேழ்வரகிற்குச் சுமார் 14 அங்குலமும் வேண்டும். 300 அடி மட்டத்தில் ஏக்கர் ஒன்றிற்கு நெல் 3,070 யூனிட்டுக்கு மேலும், நிலக்கடலை 1,400 யூனிட் அளவும், கேழ்வரகு 900 யூனிட் அளவும் எடுத்துக்கொள்ளும். இம்மூன்றிற்கும் குடியானவர் செலுத்தும் கட்டணம் ஒன்றுமில்லை. அதனாலேயே இவற்றின் வேற்றுமை அவர் கணக்கில் தோன்றுவதில்லை.

கைவிட்ட பயனும் செலவே

ஒரு பொருளை ஒரு காரியத்தில் உபயோகித்தால், அதையே வேறு காரியத்தில் உபயோகித்திருந்தால் கிடைத்திருக்கும் பயனை இழக்கிறோம். அவ்விழப்பே அக்காரியத்தின் உண்மைச் செலவு. சித்திரையில் நெல்லுக்குப் பாய்ச்சிய ஜலம், ஆனியில் தென்னையைக் காப்பாற்ற உதவியிருக்கலாம். அப்பொழுது கிணறு வற்றித் தென்னை பட்டுப்போனால், அந்நஷ்டம் நெற்பயிரின் செலவிற் சேரவேண்டியதாகும்.

பஞ்சாப் மாநிலத்தில் 2018-இல் தொடங்கிய ஒரு திட்டம் இதனை நன்கு விளக்கும். அதிற் சேர்ந்த விவசாயிகளுக்குக் குறித்த அளவு மின்சாரம் ஒதுக்கப்பட்டது. அதில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுக்கப்பட்டது. மின்சாரம் முன்போலவே இலவசந்தான். ஆயினும் வீணாக ஓடும் ஒவ்வொரு மணியும் கைக்கு வரக்கூடிய பணத்தைத் தடுப்பதாயிற்று. இந்த 4 ரூபாயை வைத்து மேற்சொன்ன பயிர்களை மதிப்பிட்டால், ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 12,300 ரூபாயும், நிலக்கடலைக்குச் சுமார் 5,600 ரூபாயும், கேழ்வரகிற்குச் சுமார் 3,600 ரூபாயும் மின்சாரத்திற்கு மட்டும் ஆகும். இத்தொகையைக் கழித்த பின்னும் எந்தப் பயிர் லாபம் தருகிறதோ அதுவே உண்மையில் லாபமான பயிர்.

போன பணம் வழிகாட்டியாகாது

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் நாலில் சுமார் மூன்று பங்கு கடினப் பாறைப் பிரதேசம். அங்கே ஜலம் பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புகளிலுமே தங்குகிறது. ஆகையால் ஆழம் கூடக்கூட ஜலம் கூடுமென்ற நிச்சயமில்லை. ஆழ்துளையிட்டு ஜலம் கிட்டாதவர், ‘இவ்வளவு செலவழித்தாயிற்று, இன்னும் சிறிது போட்டுப் பார்ப்போம்’ என்று துணிவது வழக்கம். இதனால் நிலத்தையே இழந்த குடும்பங்களும் உண்டு.

உதாரணமாக, ஒருவர் ஏற்கெனவே 2 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கிறார். மேலும் 200 அடி துளையிட 60,000 ரூபாய் ஆகும். ஜலம் கிட்டினால் நிகர லாபம் மொத்தம் ஒன்றரை லட்சம் வரும். கிட்டுவதற்கோ நாலில் ஒரு பங்கே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சத்தில் நாலில் ஒரு பங்கு 37,500 ரூபாய். இதை நம்பி 60,000 ரூபாயை இறக்குவது தகாது. முன் செலவான 2 லட்சம் இக்கணக்கில் எப்பக்கத்திலும் சேராது. துளையிட்டாலும் அது திரும்பாது, விட்டாலும் திரும்பாது.

ஒருவர் சிக்கனம் போதாது

ஏரி ஜலம் கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே முன்னோர் நீர்க்கட்டியை நியமித்து முறை வைத்துப் பாய்ச்சினர். நிலத்தடி ஜலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே ஊற்றிலிருந்து கிழக்குத் தோட்டக்காரரும் மேற்குத் தோட்டக்காரரும் இறைக்கையில், ஒருவர் மிச்சப்படுத்தியதை மற்றவர் இறைத்துக்கொள்ளலாம். ஆகவே இருவரும் முந்திக்கொள்ளப் பார்க்கின்றனர். முடிவில் ஆழ்துளைக்குப் பணமில்லாத சிறு குடியானவரின் திறந்த கிணறே முதலில் வற்றுகிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அமெரிக்கப் பேராசிரியை எலினார் ஆஸ்ட்ரம் தம் முதல் ஆராய்ச்சியில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் நிலத்தடி ஜலத்தை இறைப்போர் தமக்குள் பேசி அளவு வகுத்துக்கொண்டதை ஆராய்ந்தார். பொதுச் சொத்தை உபயோகிப்போரே விதி வகுத்துக் காக்க முடியுமென்று பல தேசங்களின் உதாரணங்களால் காட்டிய அவருக்கு 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் மழை குறைந்த ஹிவ்ரே பஜார் கிராமத்தார், பெய்த மழையை அளந்து, அதற்கேற்பப் பயிரைத் தீர்மானிக்கின்றனர். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு கூடாதென்றும், கரும்பும் வாழையும் பயிரிடலாகாதென்றும் தாமே கட்டுப்பாடு செய்துகொண்டனர்.

சட்டத்தால் செய்யும் ஏற்பாட்டில் எச்சரிக்கை வேண்டும். பஞ்சாபில் 2009-ஆம் வருஷச் சட்டம், ஜூன் 10-க்கு முன் நெல் நடவு செய்வதைத் தடுத்தது. கடுங்கோடையில் ஆவியாய்ப் போகும் ஜலத்தைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் நடவு பிந்தியதால் அறுப்பும் பிந்திற்று. கோதுமை விதைப்பதற்கு முன் கிடைத்த அவகாசம் சுருங்கிற்று. வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் வழக்கத்திற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஒரு விதியின் முதற் பயனோடு இரண்டாவது பயனையும் முன்னதாக ஆராய்வது அதிகாரிகளின் கடமை.

கிராமத்தில் செய்யத்தக்கது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி மாதத்தில் ஊரிலுள்ள பத்துக் கிணறுகளிலேனும் ஜலமட்டத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். எந்தப் பயிர் எவ்வளவு ஏக்கர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் உள்ளது. அதைப் பயிருக்கு வேண்டிய அங்குலத்தால் பெருக்கினால், ஊருக்கு வேண்டிய மொத்த ஜலம் தெரியும். இவ்விரு கணக்குகளையும் ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபையில் படித்துக் காட்டலாம். அவ்வாறே வருஷந்தோறும் அளந்து வந்தால், மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது யாவருக்கும் விளங்கும்.

மட்டம் இறங்கும் ஊர்களில், கோடை நெல்லின் விஸ்தீரணத்தைக் குறைத்துக் கடலை, உளுந்து, கேழ்வரகு பயிரிடவும், தென்னைக்கும் கரும்புக்கும் சொட்டுநீர் அமைக்கவும், புதிய துளைகளைச் சில வருஷங்கள் நிறுத்திவைக்கவும் நிலக்காரர்கள் கூடி முடிவு செய்வது நலம். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் அது அவருக்கு நஷ்டம். எல்லோரும் ஒரே வருஷத்தில், ஒரே அளவில் விட்டுக்கொடுத்தால், அடுத்த கோடையில் ஒவ்வொருவர் கிணற்றிலும் அது ஜலமாக நிற்கும்.