சுவடிக் காவலும் வழங்கிக் காவலும்

நூலை ஆக்குதல் அரிது. ஆக்கிய நூலைக் காத்தல் அதனினும் அரிது. தமிழிலக்கிய வரலாற்றைக் கற்பார்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். பனையோலைச் சுவடி எத்துணைப் பேணினும் நெடுங்காலம் நில்லாது. செல்லும் ஈரமும் தீயும் அதனை அழிக்கும். சங்கச் செய்யுட்கள் நம் கைக்கு எட்டியது ஓலையின் வலிமையால் அன்று; பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்து வைத்த பெயரறியப்படாத பலருடைய உழைப்பினாலாகும். அவ்வுழைப்பு ஓய்ந்தவிடத்து நூலும் மறைந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சேற்றுதற்கு எத்தனை சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

இக்காலத்தில் தமிழ் எழுதப்படும் ஏடு மாறிவிட்டது. கட்டுரையும் கதையும் ஆராய்ச்சியும் இணையப் பக்கங்களாக வெளிவருகின்றன. ஆயினும் காவற் கடமை மாறவில்லை என்பதும், அக்கடமையைச் செய்தற்குச் சில முறைகள் உள என்பதும் பலர் எண்ணாதன. அம்முறைகளை, கணிப்பொறிக் கல்வி பயிலாதாரும் உணருமாறு, இக்கட்டுரையிற் கூற முயல்கின்றோம்.

இணையப் பக்கம் யாண்டோ ஆகாயத்தில் மிதப்பதன்று. அது சர்வர் என்றும் வழங்கி என்றும் சொல்லப்படும் ஒரு கணிப்பொறியின் வட்டிற் கிடப்பது. நம் தாம்பரத்திற்குத் தென்கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள சிறுசேரியில் அத்தகைய பொறிகளை வரிசை வரிசையாக நிறுத்தி மின்சாரமும் குளிர்ச்சியும் குன்றாமற் காக்கும் கட்டிடங்கள் உள்ளன. படிப்பவர் ஒரு தளத்தின் பெயரை உலாவியில் எழுதினால், அப்பெயருக்குரிய எண்முகவரி முதலில் அறியப்படும். பின்னர் அம்முகவரியிலுள்ள வழங்கிக்கு வேண்டுகோள் செல்லும். வழங்கி விடையை அனுப்பும். அனுப்பப்படுவன எழுத்துகள் அல்ல, எண்கள். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் அனுப்புவாரும் பெறுவாரும் ஒருப்பட்டாலன்றித் தமிழ் தமிழாகத் தோன்றாது. ஆதலின் எழுத்தைக் காத்தலே வழங்கிக் காவலின் முதற்படி.

இவ்வொருப்பாடு எளிதில் வந்ததன்று. முற்பட்ட தமிழ் எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியனவே. பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று தோன்றுவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் போர்வை நீங்கும். எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலம். புள்ளியிடாத ஓலையில் எகரமோ ஏகாரமோ, ரகரமோ காலோ என்று மயங்கிய பதிப்பாசிரியர்க்கேனும் முன்பின் சொற்கள் துணையாயின. இம்மயக்கத்தில் அத்துணையும் இல்லை.

இக்குறை நீங்கப் பலர் முயன்றனர். திஸ்கி என்னும் குறியீட்டு முறை தோன்றியது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், அன்பர் பலர் ஊதியமின்றித் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறி எனப்படும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. மாற்றியமையால் அந்நூல்களை இன்றும் எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம். சிதையுமுன் படியெடுக்கும் பண்டை அறமே அன்றோ இஃது? 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஒருங்குறியில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்வெண்களை இணையத்தில் அனுப்புதற்கு வழங்கும் முறை யூ.டி.எப்.-8 என்பது. அம்முறையில் இவ்விடங்களுள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்துச் சொல். கணிப்பொறிக்கோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளும் பதினைந்து பைட்டும் ஆகும். பைட்டுகளை எண்ணித் தலைப்பை வெட்டும் நிரலை ஆங்கிலத்திற்கென எழுதியவர், தமிழ்ச் சொல்லின் ஓர் எழுத்தை நடுவே அறுத்துவிடுதல் இதனாலேயே.

தளம் அமைப்பார் மூன்று இடங்களில் யூ.டி.எப்.-8 என்பதை உறுதி செய்தல் வேண்டும். கோப்பு அம்முறையிற் சேமிக்கப்பட்டிருத்தல் ஒன்று. வழங்கி விடையின் தலைக்குறிப்பில் அதனை அறிவித்தல் இரண்டு. தரவுத்தளமும் அதனோடு பேசும் இணைப்பும் அம்முறையிலேயே அமைதல் மூன்று. மூன்றும் ஒன்றாயின் துன்பமில்லை. ஒன்று பிறழினும் எழுத்துச் சிதையும்.

அவ்வாறு சிதைந்த பக்கத்தைக் கண்டால் அஞ்சவேண்டுவதில்லை. மருத்துவர் குறி கண்டு நோயறிவது போல அடியிற் கண்ட மூன்று குறிகளால் நிலைமையை அறியலாம்.

முதலாவது, எழுத்துக்கு ஈடாகச் சிறு கட்டங்கள் தோன்றுதல். இது படிப்பவர் கணிப்பொறியில் தமிழ் எழுத்துரு இன்மையால் வருவது. நூலுக்கு யாதொரு ஊறும் இல்லை.

இரண்டாவது, தலையிற் சாய்கோடு ஏந்திய ஆங்கில 'ஏ'யும் வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் அடுத்தடுத்து வருதல். யூ.டி.எப்.-8 முறையில் உள்ள தமிழை மேலைநாட்டுக் குறியீடென்று தவறாகப் படித்தமையின் விளைவு அது. தமிழ் உள்ளே நலமாக இருக்கின்றது. அறிவிப்பைத் திருத்தினால் மீளும். ஆனால் அந்நிலையிற் கோப்பைத் திறந்து சேமித்தலாகாது. சேமித்தால் பிழையே மெய்யாகிவிடும்.

மூன்றாவது, வினாக்குறிகள் மட்டும் வரிசையாக நிற்றல். இதுவே கொடியது. தமிழை ஏற்க இயலாத தரவுத்தளம் எழுத்தைக் களைந்து அவ்விடத்து வினாக்குறியை எழுதிவிட்டது. அதனை எக்கருவியாலும் மீட்டல் இயலாது. முன் எடுத்து வைத்த படி ஒன்றே துணை.

இனித் தமிழ் பயில்வார் கருதத்தக்க நுட்பங்கள் சில உள. 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியாலும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் தனித்தனி இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணிப்பொறிக்கு வேறு. ஆதலின் 'கொடை' என்று தேடுவார்க்குப் பாதிக் கொடைகள் அகப்படா. உள்ளே வரும் உரை முழுவதையும் என்.எப்.சி. என்னும் இயல்பு வடிவிற்கு மாற்றிச் சேமித்தலே இதற்கு மருந்து.

அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறியில் நகரத்தையடுத்து னகரமும், ரகரத்தையடுத்து றகரமும் நிற்கின்றன. ளகரத்துக்குப் பின் ழகரமும் அதன் பின் வகரமும் வருகின்றன. நம் இலக்கணம் கூறும் வரிசையோ யகரம், ரகரம், லகரம், வகரம், ழகரம், ளகரம், றகரம், னகரம் என்பது. எண்ணின்படி அடுக்கினால் 'கபம்' என்பதற்கு முன்னே 'கனி' வந்து நிற்கும். நூற்பட்டியலோ சொல்லகராதியோ அமைப்பவர், தமிழ் வரிசை விதிகளை உட்கொண்ட ஐ.சி.யு. போன்ற நூலகத்தைத் துணைக்கொள்ளல் வேண்டும்.

மற்றொன்று, முந்திரி, காணி, மா முதலிய பழைய பின்னக் குறிகள் 2019-ஆம் ஆண்டில் ஒருங்குறியிற் சேர்ந்தமை. இவை முற்கூறிய 128 இடங்களுக்கு அப்பாற்பட்டன. நான்கு பைட்டு வேண்டுவன. மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளத்தில் வெறும் 'யூ.டி.எப்.8' என்று நெடுங்காலம் வழங்கிய அமைப்பு மூன்று பைட்டுக்கு மேல் ஏலாது. ஒரு கோயிற் கணக்கை அதில் இட்டால், பின்னக் குறி வந்த இடத்தில் அது பிழையென்று மறுக்கும். அன்றி அவ்விடத்தோடு உரையை அறுத்துவிடும். 'யூ.டி.எப்.8 எம்.பி.4' என்பதைத் தேர்ந்தால் இவ்விடர் இல்லை.

எழுத்தைக் காத்தோம், இனி ஏட்டைக் காக்க வேண்டும். வழங்கிக் காவலர் கைக்கொள்ளும் பழைய விதியொன்று உண்டு: படி மூன்று, பொருள் இரண்டு, வேற்றிடம் ஒன்று. அஃதாவது, நூலுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைப் பொருள்களில் அமைதல் வேண்டும். ஒரு படியேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். இவ்விதியின் பொருளைத் தாம்பரத்தார்க்கு விரித்துரைத்தல் மிகை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி காலை தொடங்கி மறுநாட் காலைக்குள் நம்மூரிற் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டது, முடிச்சூர் நீரில் மூழ்கியது. அன்று கணிப்பொறியைக் கீழ்த்தளத்திலும் அதன் படியை அதே மேசையின் இழுப்பறையிலும் வைத்திருந்தவர்க்கு, படி இரண்டாயினும் வெள்ளம் ஒன்றே. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அப்பாடத்தை மீண்டும் புகட்டியது.

நீரேயன்றித் தீயும் உண்டு. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிக் காக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005-ஆம் ஆண்டில் தோன்றியது. நீரும் தீயும் இன்றியே நூல் அழிதலும் உண்டு. எண்ணிறந்தோர் இலவசமாகப் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தை அதன் உரிமையாளர் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடிவிட்டனர். படியெடாதார் பக்கங்கள் மறைந்தன. பிறர் மனையில் வைத்த ஏட்டுக்கு நம் மனையில் ஒரு படி வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

படியெடுத்தலை நினைவை நம்பி விடலாகாது. லினக்ஸ் வழங்கியில் கிரான் என்னும் ஏவலாளன் உண்டு. நாடோறும் இரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தைப் படியெடுத்து வேற்றிடத்துக்கு அனுப்புக என்று ஒருமுறை பணித்தால், அவன் சலியாது செய்வான். ஆயினும் அவனையும் முற்ற நம்புதல் தகாது. திங்களுக்கு ஒருமுறை அப்படியை வேறொரு பொறியில் விரித்து, தளம் மீண்டும் எழுகின்றதா, தமிழ் தமிழாக நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத படி படியாகாது.

எஞ்சிய கடமைகள் சிறியன. ஆயினும் தளங்கள் பெரும்பாலும் சிறியவற்றாலேயே வீழ்கின்றன. தளப்பெயர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. அதனைப் பதிவு செய்த மாணவர் பட்டம்பெற்றுச் சென்றபின் நினைவூட்டும் கடிதம் அவருடைய பழைய முகவரிக்கே போகும். ஒருநாட் பெயர் பிறர் கைப்படும். ஆதலின் பெயரும் கடவுச்சொல்லும் தனியொருவரிடம் இராது, துறையின் பொறுப்பில் இருத்தல் நன்று. பாதுகாப்புச் சான்றிதழும் காலவரையுடையது. 2015-ஆம் ஆண்டு முதல் இலவசமாகச் சான்றிதழ் அளித்துவரும் லெட்ஸ் என்கிரிப்ட் அதற்கு 90 நாள் ஆயுளே வகுத்தது. மனிதர் மறப்பர் என்பதறிந்து தானே புதுப்பிக்கும் கருவியைப் பயன்படுத்துமாறு தூண்டுதலும் அதன் நோக்கம். கோப்புகளை யாவரும் எழுதுமாறு திறந்துவிடுதல் கூடாது. எழுத வேண்டுவார்க்கு மட்டும் எழுதும் உரிமை தருக. நாட்குறிப்புக் கோப்புகள் வளர்ந்து வட்டை நிறைத்தால், பகைவர் எவருமின்றியே தளம் நிற்கும். அவற்றை உரிய காலத்தில் கழித்தல் வேண்டும்.

இப்பணிக்கு நாம் நெடுந்தொலைவு சென்று உதாரணம் தேட வேண்டுவதில்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் நுண்படமாகவும் மின்படியாகவும் எடுத்துக் காக்கின்றது. 2001-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்தில் இருந்துகொண்டு மின்னூலகம் நடத்துகின்றது. இவை பெரிய நிலையங்கள். ஆனால் ஒரு கல்லூரி மலரின் பழைய கட்டுரைகளையும், ஒரு மன்றத்தின் குறிப்பேட்டையும், ஓர் ஆசிரியரின் அச்சேறாத உரையையும் பிறர் வந்து காப்பார் என்று எதிர்பார்த்தல் முறையன்று. அவை நம்முடையன.

ஆகவே முன்னாள் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதிய கட்டுரைகள் தங்கள் பழைய குறுந்தகடுகளில் உறங்குமாயின், அவற்றை இன்றே எழுப்புக. முதலில் மூலக் கோப்பை மாற்றாது ஒரு படி எடுத்து வைக்க. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் குறித்து வைக்க. அப்பெயர் தெரியாக்கால் மாற்றும் கருவி தடுமாறும். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்குக. கருவி பெரும்பாலும் சரியாகச் செய்யும், ஆயின் ஒற்றும் கொம்பும் மனிதர் கண்ணையே வேண்டும்.

அவ்வொப்புநோக்கும் வேலைக்குத் தமிழ் மாணவரினும் உரியார் யாவர்? பாடபேதம் ஆராய்வதும் ஏடு பெயர்த்தெழுதுவதும் நம் துறையின் தொன்மையான தொழில்கள். எழுத்தாணி இருந்த கையில் இன்று விசைப்பலகை இருக்கின்றது. ஏடு எழுதினார் தமக்குப் பின் வருவார்க்குச் செய்த கடனை நாமும் நமக்குப் பின் வருவார்க்குச் செய்தல் வேண்டும்.