பதினான்கு டிகிரி ஆறும் சீரக அளவு பூச்சியும்

அந்தக் கடையில் பொய்ப்பூச்சிகளை நகைக்கடையில் மூக்குத்தி அடுக்குவதுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடிய தட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முட்கள். சில சீரக அளவு. சில எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கண்மாய்க் கரையில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்துப் பழகிய எனக்கு எதை எடுப்பதென்று தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். என்ன மீன் வேண்டும், எவ்வளவு பெரிய மீன் வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “காலையில போறீங்களா, மத்தியானமா?” என்றார்.

இடம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள பென்னெட் ஸ்பிரிங் பூங்கா. 1924-ல் மாநில அரசு வாங்கிய ஊற்று இது. ஊற்று என்றதும் பாறை இடுக்கில் கசிகிற நீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாளைக்குச் சராசரியாக 10 கோடி காலன் தண்ணீர், நம் கணக்கில் ஏறத்தாழ 38 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியால் வகுத்தால் நிமிடத்துக்கு 22 லாரி, இரவு பகலாக. பச்சையும் நீலமும் கலந்த ஒரு மடுவின் அடியிலிருந்து சத்தமில்லாமல் பொங்கி, பிறந்த இடத்திலேயே ஆறாகி, ஒன்றரை மைல் ஓடி, நையாங்குவா ஆற்றோடு கலந்துவிடுகிறது.

இந்த ஊற்று இருக்கும் ஓசார்க் மேட்டுநிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறையும் அதன் நெருங்கிய உறவான டோலமைட்டும்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து, பூமிக்கடியில் குழாய்களும் கூடங்களும் செய்துவைத்திருக்கிறது. மேலே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓடை திடீரென்று காணாமல் போகும். எங்கோ ஓர் ஊற்றில் தலைகாட்டும். எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஓடையில் சாயம் கலந்து, ஊற்றுகளில் காத்திருப்பார்கள். 1981-ல் ஒரு விபத்தே அப்படி ஒரு சோதனை ஆகிவிட்டது. அதே மாநிலத்தின் மெராமெக் ஊற்றிலிருந்து பல மைல் தள்ளி ஒரு குழாய் உடைந்து, திரவ உரம் ஓர் ஓடையில் கொட்டியது. மேலிருந்து பார்த்தால் அந்த ஓடை ஊற்றுப் பக்கம் வருவதே இல்லை. ஆனால் ஊற்றில் ஆக்சிஜன் சரிந்து ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்தன. வெளிச்சமே பார்த்திராத வெளிறிய குகை உயிர்களும் செத்து வெளியே வந்தன.

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் ஜில்லென்றும் இருக்குமே, அதே சங்கதிதான் இங்கும். தண்ணீர் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றும் நம் தோலும்தான். பாறைக்குள் சில மீட்டர் இறங்கிவிட்டால் கோடையும் குளிரும் எட்டாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான் நிலைத்திருக்கும். பென்னெட் ஸ்பிரிங்கில் அது 14 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஜூலையில் வெளியே 33 டிகிரி கொளுத்தும்போதும், ஜனவரியில் பனி உறையும்போதும் ஊற்றுக்கண்ணில் ஏறக்குறைய அதேதான். குளிர்கால விடியலில் ஆறு முழுக்க இட்லிக் கொப்பரை திறந்ததுபோல ஆவி பறக்கும்.

வானவில் ட்ரவுட்டுக்கு இதைவிட வசதியான முகவரி கிடையாது. 10 முதல் 16 டிகிரி வரை அதற்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் மூச்சுத் திணறும். 25 டிகிரி உயிருக்கே உலை. காரணம் சூடு மட்டும் அல்ல. 14 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி நீரால் ஏழரைதான் முடியும். பசிபிக் கடலோர நதிகளில் பிறந்த இந்த மீனை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகமெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கிறது. நீலகிரியில் எச்.சி. வில்சன் 1907-ல் அமைத்த அவலாஞ்சி மீன் பண்ணையில் இருக்கிறது. குளிருக்காக அங்கெல்லாம் 2,000 மீட்டர் மலையேற வேண்டியிருந்தது. மிசௌரியில் அந்த உயரத்துக்கு மலை ஏது? குளிர் அங்கே பூமிக்கடியிலிருந்து வருகிறது. பூங்காவிலேயே குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரையான பருவத்தில், மறுநாள் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, முந்தின இரவே மீன்களை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். காலையில் ஆலைச் சங்கு போல ஒன்று ஊதும். அதற்கு முன் யார் தூண்டிலும் தண்ணீரைத் தொடக்கூடாது.

அந்தக் காலை நேரம் ஒரு காட்சிதான். நூற்றுக்கணக்கான பேர் இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்பார்கள், மகாமகக் குளம் மாதிரி. ஆற்றை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதியில் பொய்ப்பூச்சி மட்டும்தான். புழு, மணமூட்டிய மாவு எல்லாம் கடைசிப் பகுதிக்கு. பொய்ப்பூச்சி எது என்பதற்கும் சட்டத்தில் வரையறை உண்டு: ஒற்றை முனை முள், அதில் கட்டியோ ஒட்டியோ நிலையாகப் பொருத்திய பொருள், மென் பிளாஸ்டிக் கூடாது.

சீரக அளவு பூச்சியை எப்படித்தான் 15 மீட்டர் வீசுவது? நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு பின்னால் போகும். இங்கே தலைகீழ். பூச்சி ஓர் அரிசியின் எடைக்கு மிஞ்சாது, அது எதையும் இழுக்காது. எடை முழுக்கக் கயிற்றில்தான். தடித்த, வண்ணம் பூசிய, மிதக்கும் கயிறு. 5-ஆம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், சுமார் 9 கிராம். அதைப் பின்னால் வீசி, முழுக்க நீண்டதும் முன்னால் கொண்டுவந்து சட்டென்று நிறுத்தினால் காற்றில் ஒரு வளையம் உருண்டு போகும். நுனி நோக்கிக் கயிறு மெலிய மெலிய, அதே ஆற்றல் குறைந்த எடைக்குள் ஒடுங்குகிறது. வண்டிக்காரர் சாட்டையில் நடப்பதும் இதுதான். எட்டரை அல்லது ஒன்பது அடிக் கோல், 4 அல்லது 5-ஆம் எண் கயிறு, இது இந்த ஆற்றுக்குப் போதும். ரீலுக்காகப் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இந்த அளவு மீனுக்கு அது நூல்கண்டு, வேறொன்றும் இல்லை.

காசைக் கயிற்றின் மறுமுனையில் போட வேண்டும். தடித்த கயிற்றுக்கும் பூச்சிக்கும் இடையில் ஒன்பது அடியாவது நிறமற்ற நரம்பு கட்டுகிறார்கள். அதன் கடைசி இரண்டு அடிக்கு 4எக்ஸ், 5எக்ஸ், 6எக்ஸ் என்று எண். பட்டுப்புழுவின் உடலுக்குள்ளிருந்து எடுத்த இழையைத் தூண்டிலுக்குப் பயன்படுத்திய காலத்தில், மெலிதாக்குவதற்காக அதைத் துளை வழியே இழுப்பார்கள். எத்தனை முறை இழுத்தார்கள் என்பதுதான் அந்த எக்ஸ். நைலான் வந்த பிறகும் எண் போகவில்லை. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வந்துவிடும். 6எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 5 பங்கு, 0.127 மில்லிமீட்டர்.

நரம்பு மீனின் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதனால்தான் மெலிசு என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் என் கண்ணெதிரே நடந்தது வேறு. ஒரு மீன் ஆழத்திலிருந்து சாய்வாக எழுந்து வந்தது. மிதக்கும் என் பூச்சிக்கு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்தது. ஓர் அடி தூரம் பூச்சியோடு கூடவே பின்னால் நகர்ந்தது. சட்டென்று அமிழ்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் பூச்சியைப் பார்க்கவில்லை. நரம்பைத் தொட்டுப் பார்த்து, “கம்பி மாதிரி இருக்கு, மாத்துங்க” என்றார். அதன் இயற்பியல் பிறகுதான் புரிந்தது. இழையின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 4எக்ஸின் தடிமன் 6எக்ஸைவிட 40 சதவீதம்தான் அதிகம். விறைப்போ கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஓடும் நீரில் அடுத்தடுத்த கோடுகள் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. விறைத்த நரம்பு அதில் ஒரு கோட்டில் மாட்டிப் பூச்சியைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். செத்த பூச்சி எதிர்நீச்சல் போடாது என்பது ஆற்றில் கொஞ்ச நாள் பழகிய மீனுக்குத் தெரியும். இதனால்தான், ஃபுளூரோகார்பன் நரம்பு நீரில் கண்ணுக்கே தெரியாது என்று கடைகளில் சொல்வதை நான் பாதிதான் எடுத்துக்கொள்கிறேன். அது நைலானைவிட அடர்த்தி கூடியது, சீக்கிரம் மூழ்கும். அடியில் போகிற பூச்சிக்கு அதுதான் உண்மையான லாபம்.

தெளிவான நீரில் ஆளையும் மறைத்துக்கொள்ள வேண்டும். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு, வெளியுலகம் முழுவதும் 97 டிகிரிக் கூம்புக்குள் ஒடுங்கி ஒரு வட்டச் சாளரமாகத் தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அதன் அகலம் இரண்டேகால் மீட்டர். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி, ஆற்றின் அடிப்பகுதியைத்தான் காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் அந்தச் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கிய உருவமாகத் தெரிவார். குனிந்தால் ஓரத்தோடு ஓரமாகக் கரைந்துவிடுவார். நமக்கு மீன் தெரியவேண்டும் என்றால் போலராய்டு கண்ணாடி. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பின் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும் ஒளி. அதை அது வடிகட்டிவிடும். கம்பளி அடிப்பாகம் வைத்த பூட்ஸ் மட்டும் வேண்டாம். ஆற்றுக்கு ஆறு பாசியைக் கடத்துகிறது என்று 2012-ல் தடை செய்துவிட்டார்கள், ரப்பர் அடிதான்.

இனி அந்த மூக்குத்தித் தட்டு. வெப்பம் மாறாத ஆற்றில் தண்ணீர்ப் பாசியும் கீரையும் ஆண்டு முழுக்கத் தழைக்கும். அதற்குள் ஸ்கட் என்ற உயிர். நம் கூனியைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம், அதே வளைந்த முதுகு, அதே சாம்பல் நிறம். மிட்ஜ் என்று கடிக்காத கொசு ஒன்றும் உண்டு. பனிக்காலத்திலும் அது பொரித்துக்கொண்டே இருக்கும். கறுப்பு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தலையில் ஒரு மணி வைத்தால் அந்தக் கொசுவின் கூட்டுப்பருவம். ஜீப்ரா மிட்ஜ் என்று பெயர். 18, 20 என்று எண் ஏற ஏற முள் சிறுக்கும். கிராக்கிள்பேக் என்பது மிசௌரிக்காரர்களுக்குப் பிரியமான சரக்கு. முதலில் மிதக்கவிடலாம், மூழ்கியபின் இழுத்துக்கொண்டும் வரலாம். என்னைப்போல நிச்சயமில்லாதவர்களுக்குத் தோது.

இவையெல்லாம் ஆற்றில் கொஞ்ச நாள் இருந்து பழகிய மீனுக்கு. நேற்றிரவு விடப்பட்ட மீனுக்கு ஸ்கட்டும் தெரியாது, கொசுவும் தெரியாது. பண்ணைத் தொட்டியில் மேலிருந்து விழும் தீவன உருண்டை ஒன்றே அதன் சோறு. கண்ணில் படுகிற எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். மீனுக்குக் கையில்லை, தொட்டுப் பார்க்க வாய்தான். ஆரஞ்சு நிற முட்டை வடிவம், மராபூ இறகு சிலிர்க்கும் சின்ன ஜிக், எதுவானாலும் சங்கு ஊதிய முதல் மணி நேரத்தில் செல்லும். பத்து மணிக்குள் அப்பாவிகள் பாதிப்பேர் கரையேறிவிடுவார்கள். மிச்சமிருப்பவை பத்துப் பூச்சி பார்த்தவை. கடைக்காரர் கேட்டது இதைத்தான்.

மாலையில் மீன் கழுவும் மேடையில் அன்றைய இரண்டையும் கீறினேன். காலை ஏழு மணிக்கு ஆரஞ்சு முட்டையைக் கவ்வியதன் வயிற்றில் பழுப்புக் கூழாங்கல் இரண்டு, ஓர் இலைத்துண்டு. தீவன உருண்டை என்று நினைத்து விழுங்கியிருக்க வேண்டும். நரம்பை மாற்றிய பிறகு மூன்று மணிக்கு அகப்பட்டதன் வயிறு சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்தது. தண்ணீர் விட்டுக் கழுவினால் அத்தனையும் ஸ்கட், நடுவே மிளகுப்பொடி தூவியதுபோல மிட்ஜ். கல்லைத் தின்பதிலிருந்து இதற்கு வர எத்தனை நாள் பிடித்ததோ.

திரும்பும் வழியில் மறுநாள் மத்தியானத்துக்கென்று சாம்பல் நிற ஸ்கட், 16-ஆம் எண், நான்கு வாங்கினேன். மூன்று பத்திரமாக இருக்கின்றன. நான்காவது, எனக்குப் பின்னால் நின்ற சிக்கமோர் மரத்தில் பதினைந்தடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.