தவணையில் போன்: சாவி யார் கையில்?

ஜீரோ வட்டி, ஜீரோ முன்பணம், ஜீரோ ப்ராசஸிங் ஃபீஸ். ஆடித் தள்ளுபடி தொடங்கிப் பொங்கல் முடியும் வரை எந்த ஊர் மொபைல் கடை வாசலிலும் இந்த மூன்று பூஜ்யங்கள்தான் தொங்குகின்றன. வெளிநாடுகள் பலவற்றில் நெட்வொர்க் கம்பெனியே போனைக் கையில் கொடுத்து, மாதச் சந்தாவோடு சேர்த்து இரண்டு வருடம் கட்டிப்போட்டு வைக்கும். இங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்டு ஆசாமிகள். சிம் ஒரு கம்பெனி, போன் இன்னொரு கம்பெனி, கடன் மூன்றாவது கம்பெனி. லாபமாகப் போன் மாற்ற வேண்டும் என்றால் இந்த மூவரின் கணக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடை கவுன்டரிலோ மூன்றையும் கலக்கி, “மாசம் இவ்ளோதான் அண்ணா” என்று ஒரே தொகையாக நீட்டுகிறார்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து தொடங்கலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் பெரிய தொகை, போன வருடம் வந்த விலை உயர்ந்த மாடலைக் கீறல் இல்லாமல், பில், டப்பாவோடு கொண்டுவருபவருக்கானது. உங்கள் மூன்று வருடப் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றியிருக்கிறதா, பின்பக்கம் விரிசலா, பேட்டரி எப்படி என்று பார்த்துப் பார்த்துக் கழிப்பார்கள். பழைய போனின் மதிப்பு வேறு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேறு. போனஸ் என்பது புது மாடல் ஓடுவதற்காகக் கம்பெனி போடும் பணம். இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பழசுக்கு அவர் போட்டது வெறும் 1,500 ரூபாய் என்று தெரிந்தால், அதைச் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் செகண்ட் ஹேண்ட் கடையிலோ விசாரித்துப் பார்க்கலாம். வீட்டில் அம்மாவுக்குக் கொடுத்துவிடவும் செய்யலாம்.

எக்ஸ்சேஞ்ச் செய்தால் வரி மிச்சம் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஜிஎஸ்டி விதிகளிலேயே உதாரணமாகக் கொடுத்திருப்பது ஒரு போன்தான்: பழையதைக் கொடுத்து 20,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், பழையது இல்லாமல் அதன் விலை 24,000 என்றால், வரி 24,000-க்குத்தான். அந்த வரியும் 18 சதவீதம். 2020 ஏப்ரலுக்கு முன் 12-ஆக இருந்தது. 2025 செப்டம்பரில் ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் குறைத்தார்கள், போனைத் தொடவில்லை.

அடுத்து அந்த ஜீரோ வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் சுற்றறிக்கையே விட்டது. அதற்குப் பிறகு ‘ஜீரோ பர்சென்ட்’ மெல்ல ‘நோ காஸ்ட்’ ஆனது. கிரெடிட் கார்டில் நடப்பதைப் பாருங்கள். 24,000 ரூபாய் போன், மாதம் 4,000 வீதம் ஆறு தவணை. வங்கியின் வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆறு மாத வட்டி சுமார் 1,016 ரூபாய். அந்தத் தொகையை விற்பவர் தள்ளுபடியாக முன்பே கழித்துவிடுவதால் உங்கள் கணக்கு 24,000-இலேயே நிற்கிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 183 ரூபாய், உங்கள் தலையில் விழும். ப்ராசஸிங் ஃபீஸ் 199 ரூபாய் என்றால் அதற்கும் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து நானூறு சொச்சம்.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்களுக்காக ஆயிரம் ரூபாய் வட்டியை விற்பவர் ஏற்கத் தயாராக இருக்கிறார் என்ற தகவல் இதற்குள் இருக்கிறது. கையில் பணம் இருப்பவர், “மொத்தமா கொடுத்தா எவ்ளோ குறைப்பீங்க?” என்று கூச்சப்படாமல் கேட்கலாம். பெரிய ஷோரூமில் உதட்டைப் பிதுக்குவார்கள். தெருமுனைக் கடையில் ஐநூறாவது குறையும், குறையாவிட்டால் டெம்பர்ட் கிளாஸும் பேக் கேஸும் நிச்சயம்.

கார்டு இல்லாதவர்களுக்குக் கடையிலேயே ஃபைனான்ஸ்காரரின் ஆள் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, சில ஓ.டி.பி. பத்து நிமிடத்தில் கடன் ரெடி. அங்கே “வட்டி 12 பர்சென்ட்தான் சார்” என்றால் அது ஃப்ளாட் கணக்கா என்று கேளுங்கள். 12,000 ரூபாய்க் கடனுக்கு ஒரு வருட வட்டி 1,440 சேர்த்து மாதம் 1,120 கட்டுகிறீர்கள். முதல் தவணையிலிருந்தே அசல் குறைகிறது, வட்டியோ முழு 12,000-க்கும் போட்டது. குறையும் பாக்கியை வைத்துப் பார்த்தால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. தவணை நாளில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் மறுபக்கம் என்று இரண்டு அபராதம்.

இதுவரை பார்த்தது நூறு, ஆயிரம் விவகாரம். சாமர்த்தியசாலிகள் சமாளித்துவிடுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு, அது எந்த பேனரிலும் இல்லை.

சில ஃபைனான்ஸ் கடன்களில் வாங்கும் போனை டப்பா பிரித்ததும் உங்கள் கையில் தரமாட்டார்கள். “செட் பண்ணித் தர்றோம்” என்று கடைப் பையன் வாங்கிக்கொள்வார். அந்தச் சில நிமிடங்களில் ஒரு லாக் ஆப் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அதை உங்களால் நீக்க முடியாது. போனை ரீசெட் செய்தாலும் பெரும்பாலும் போகாது, ஆபீஸ் லேப்டாப்பைக் கம்பெனி தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அதே தொழில்நுட்பம்தான். தவணை தவறினால் முதலில் நினைவூட்டல் வரும். பிறகு வால்பேப்பர் மாறும், கேமரா போகும், ஆப்கள் போகும். கடைசியில் திரை முழுவதும் ‘பாக்கியைக் கட்டுங்கள்’. அவசர அழைப்பு ஒன்றுதான் மிச்சம்.

வண்டிக் கடனில் தவணை தவறினால் வண்டியைத் தூக்குகிறார்களே, இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் நோட்டீஸ் தர வேண்டும், ஆள் வர வேண்டும், அண்டை வீட்டார் பார்க்க வாக்குவாதம் நடக்கும், நீதிமன்றம் வரை வழி இருக்கிறது. போனைப் பூட்ட ஒரு சர்வரிலிருந்து ஒரு கட்டளை போதும். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கும் பூட்டலாம். பணம் கட்டிய பிறகும் சிஸ்டத்தில் ஏறவில்லை என்றால் பூட்டு பூட்டாகவே கிடக்கும். கட்டிய ரசீதைக் காட்டலாம் என்றால், அந்த ரசீதும் பூட்டிய போனுக்குள்தானே இருக்கிறது?

பூட்டப்படுவது யாருடைய போன் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று போன் வைத்திருப்பவர் லாக் வைத்த கடனில் வாங்குவதில்லை. சம்பளச் சீட்டு இல்லாத முதல் கடன்காரர்கள்தான் வாங்குகிறார்கள். உணவு டெலிவரி செய்பவர், பைக் டாக்ஸி ஓட்டுபவர், யுபிஐயில் காசு வாங்கும் பூக்காரம்மா. இவர்களுக்குப் போன்தான் கடை, போன்தான் கல்லாப்பெட்டி. அதைப் பூட்டினால் அன்றைய வருமானம் நிற்கும், வருமானம் நின்றால் அடுத்த தவணையும் நிற்கும். கடனை வசூலிக்கும் வழியா இது? உழவனின் ஏரைப் பறித்துக்கொண்டு வரியைக் கேட்ட கதை.

லாக் இருப்பதால்தான் உத்தரவாதம் இல்லாதவருக்கும் கடன் தர முடிகிறது, வாராக்கடன் குறைந்தால் வட்டியும் குறையும் என்பது தொழில் தரப்பின் வாதம். முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். வட்டி குறைந்ததைத்தான் காணோம்.

இப்படிப் பூட்டுவதை நிறுத்துமாறு கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2024-இல் சொன்னதாகச் செய்தி வந்தது. 2025 அக்டோபரில், இதை அனுமதிப்பதில் உள்ள சாதக பாதகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அந்த வங்கியே சொன்னது. டிஜிட்டல் கடன் ஆப்கள் போனிலிருக்கும் தொடர்பு எண்களையோ, புகைப்படங்களையோ, கால் விவரங்களையோ தொடக்கூடாது என்று 2022-லேயே விதி போட்டவர்கள் அவர்கள்தான். போட்டோவைத் தொடக்கூடாது, ஆனால் போனையே பூட்டலாம் என்றால் அந்த விதிக்கு என்ன மதிப்பு? பூட்டத்தான் வேண்டும் என்றால் எழுத்தில் நோட்டீஸ், குறைந்தது ஒரு மாத அவகாசம், யுபிஐயும் அழைப்பும் கடைசிவரை இயங்கும் என்ற உறுதி, தவறாகப் பூட்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நஷ்டஈடு, இவையாவது வேண்டும்.

அதுவரைக்கும் தவணையில் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போனை உங்கள் கண்ணெதிரில், உங்கள் கையால் ஆன் செய்யுங்கள். “இதுல ஃபைனான்ஸ் லாக் இருக்கா?” என்று நேராகக் கேளுங்கள், ‘இல்லை’ என்றால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். முந்தையவர் கட்டாத தவணைக்கு உங்கள் கையில் இருக்கும்போது பூட்டு விழலாம். கடைசித் தவணை கட்டிய கையோடு, பாக்கி இல்லை என்று சொல்லும் என்ஓசி வாங்கி, லாக்கை நீக்கச் சொல்லுங்கள். சண்டை முற்றினால் முதலில் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விவரத்துக்கு 14448, கடைக்காரர் மேல் புகார் என்றால் 1915. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

இன்னொன்று. 2024 அக்டோபர் 1 முதல், இத்தகைய கடன்களுக்குக் கையெழுத்துக்கு முன்பே ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும் என்பது விதி. எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்றும் அந்த விதியிலேயே இருக்கிறது. டேப்லெட்டில் ஆங்கிலத்தில் ஓடவிட்டு “ஓகே அமுக்குங்க” என்றால், தமிழில் கேளுங்கள். தந்தாக வேண்டும்.