தலையில் அடி, கண்ணில் மின்னல்



ஓசூர் சிப்காட் பகுதியிலிருந்தும் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலிருந்தும் வருகிறவர்களில் சிலர், "தலையில் இலேசாகத்தான் அடிபட்டது, இரத்தம்கூட வரவில்லை. ஆனால் கண்முன் கொசு பறக்கிறது, ஓரத்தில் மின்னல் அடிக்கிறது" என்பார்கள். இரவு ஷிப்டு முடிந்து வண்டியில் திரும்புகையில் விழுந்தவர்களும், இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டவர்களும் இவர்களில் உண்டு. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று ஞாயிறுவரை பொறுக்கிறவர்கள் அநேகர். அந்தப் பொறுமை சில வேளைகளில் பார்வையையே பறித்துவிடும்.

நம் கண்ணின் உட்புறம் தெளிந்த கூழ் ஒன்றால் நிறைந்திருக்கிறது. அது ஏறக்குறைய 4 மில்லிலிட்டர், பெரும்பகுதி தண்ணீரே. அதன் பின்னால் விழித்திரை என்னும் மெல்லிய படலம் ஒட்டியுள்ளது. வயதாகும்போது இந்தக் கூழ் நீர்த்து, திரையைவிட்டுப் பிரிகிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இது முன்னதாகவே நேரிடலாம். தலையிலோ கண்ணிலோ விழும் அடி, கூழைக் குலுக்கித் திரையை இழுக்கக்கூடும்.

விழித்திரைக்கு வலி தெரியாது. இழுபட்டால் அது வெளிச்சத்தை மாத்திரமே உணரும்; அதுவே அந்த மின்னல். கூழில் மிதக்கும் நார்த்துணுக்குகளின் நிழலே கொசுவாகவும் நூலாகவும் தெரிகிறது.

பெரும்பாலோருக்கு இதனால் கேடில்லை, நாளடைவில் குறைந்துவிடும். ஆனால் இந்த அறிகுறிகள் திடீரெனத் தோன்றி கண் மருத்துவரிடம் வருகிறவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு விழித்திரை கிழிந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கிழிசல் வழியாக நீர் புகுந்தால் திரை சுவரைவிட்டு விலகும். அடிபட்டு வாரங்கள், மாதங்கள் கழித்தும் இது நேரிடலாம்.

ஒரு காலத்தில் திரை விலகினால் பார்வை போனது போனதுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல்ஸ் கோனன் (1870–1935), கிழிசலே காரணம், அதை அடைத்தால் பார்வை மீளும் என்று செய்து காட்டினார். நம் நாட்டில், அமெரிக்காவில் இச்சிகிச்சையைப் பயின்று திரும்பிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். இன்று ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. கிழிசலோடு வந்தால் பெரும்பாலும் லேசரால் சுற்றிலும் ஒட்டவைத்து அன்றே வீட்டிற்கு அனுப்பலாம். திரை விலகியபின் வந்தால் அறுவை சிகிச்சை தேவை. நடுப்பகுதியும் விலகிவிட்டால் முழுப் பார்வை திரும்புவது அரிது.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்:

• ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும்.

• திடீரெனப் புதிய புள்ளிகள், மின்னல், அல்லது ஓரத்தில் திரைச்சீலை விழுந்தாற்போல் இருள் கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்துக்கடைச் சொட்டு மருந்தால் பயனில்லை.

• பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டே பரிசோதிப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டாதிருக்க, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

• அடிபட்டவருக்கு ஓயாத வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிவரும் தலைவலி இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அன்பானவர்களே, நமது சபைகளில் ஆலைத் தொழிலாளர் இல்லாத வீடுகள் சிலவே. ஆராதனை முடிந்தபின் இதை வாசித்துக் காட்டுங்கள். ஒரு நாள் கூலியை மறுபடியும் சம்பாதிக்கலாம். இழந்த கண்ணை அப்படிச் சம்பாதிக்க முடியாது.