திருமுல்லைவாயிலின் முல்லையும் எருக்கும்: மகரந்தச் சேர்க்கையும் விதைபரவலும்

திறவுச்சொற்கள்: முல்லை, எருக்கு, தலமரம், மகரந்தத் திரள், விதைபரவல்

முன்னுரை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி பிணித்த செய்தியைச் சுந்தரர் இத்தலத்துப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். மாசிலாமணீசுவரர் கோயிலின் தலமரம் முல்லை. அங்குள்ள இரு தூண்கள் எருக்கால் ஆனவை என்பது கோயில் மரபு. சங்க இலக்கியத்திலும் இவ்விரு தாவரங்களும் பாரியைச் சார்ந்து வருகின்றன. அவன் தேர் ஈந்தது முல்லைக்கு; அவன் கொடையைப் பாடும் கபிலர், எளிய எருக்கம்பூவையும் கடவுள் விலக்காமையை உவமையாக்குகிறார் (புறம். 106). எனினும், இனப்பெருக்க முறையில் இவை பெரிதும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டையும் அதன் இன்றைய பொருளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முல்லை: மாலையில் விரியும் மலர்

தமிழகத் தோட்டக்கலையில் முல்லை எனப்படுவது ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்னும் இனமாகும். இதன் அல்லிகள் அடியில் இணைந்து குறுகிய குழலாக அமைந்துள்ளன. குழலின் உட்புறத்தில் இரு மகரந்தத்தாள்கள் உள்ளன. மலர் மாலையில் விரிகிறது. மங்கிய ஒளியிலும் தெரியும் வெண்மை, தொலைவிலிருந்து ஈர்க்கும் மணம், நீண்ட உறிஞ்சுகுழலுக்கு ஏற்ற வடிவம் ஆகிய மூன்றும் அந்துப்பூச்சிகளின் வருகைக்குப் பொருந்துவன. தொல்காப்பியம் முல்லைத் திணைக்கு மாலையைச் சிறுபொழுதாக வகுத்திருப்பது இம்மலரின் இயல்போடு இயைந்துள்ளது.

சேர்க்கை நிகழ்ந்தால் சதைப்பற்றுள்ள சிறு கருங்கனி உண்டாகும். இத்தகைய கனிகளின் விதைகளைப் பறவைகள் பரப்பும். ஆனால், மனிதர் முல்லையை மொட்டாகவே கொய்துவிடுகின்றனர். கொடியைப் பதியமிட்டும் தண்டுத்துண்டு நட்டும் பெருக்குகின்றனர். இவ்வாறு பெருகிய கொடிகள் யாவும் தாய்க்கொடியின் மரபணுப் படிகளே. தாய்க்கொடியைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும்.

எருக்கு: பூச்சியும் காற்றும்

எருக்கம்பூவில் (கலோட்ராபிஸ் ஜைஜான்டியா) ஆணுறுப்பும் சூல்முடியும் ஒன்றிணைந்து நடுவில் ஐங்கோணத் தூணாக நிற்கின்றன. மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. மெழுகு போன்ற திரள்களாகச் செறிந்துள்ளது. இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்ட ஐந்து இணைகள் ஒரு பூவில் உள்ளன. தேனுண்ண வரும் பெரிய கருநிறத் தச்சன் தேனீயின் கால் தூணின் பிளவில் நுழைந்து வெளிவரும்போது ஓர் இணை அதில் சிக்கிக்கொள்கிறது. அது மற்றொரு பூவின் பிளவில் செருகப்பட்டால் சேர்க்கை நிகழும். ஒரு திரளிலுள்ள மகரந்தமே பல சூல்களைக் கருவுறச் செய்யப் போதுமானது. ஆகவே, பல பூக்கள் வீணானாலும் உருவாகும் ஒரு காயில் விதைகள் மிகுதி.

முற்றிய காய் ஒரு பக்கமாக வெடிக்கிறது. தட்டையான பழுப்பு விதை ஒவ்வொன்றின் முனையிலும் உள்ள பட்டிழைக் குஞ்சம் காற்றில் விரிந்து விதையைச் சுமந்து செல்கிறது. எருக்கின் விதையைக் காற்று பரப்பும். மகரந்தத்தைக் காற்றால் கடத்த இயலாது. இதுவே கருதத்தக்க வேறுபாடு.

பேணுதலின் எல்லை

தலமரமாக முல்லை பேணப்படுகிறது. ஆனால், அதன் விதைவழிப் பெருக்கம் பேணப்படுவதில்லை. எருக்கை எவரும் பேணுவதில்லை; தரிசு நிலமும் தேனீயும் உள்ளவரை அது தானே பரவும். தச்சன் தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் கூடமைக்கிறது. பட்டமரங்களையும் மூங்கிற்புதர்களையும் முற்றிலும் அகற்றிய குடியிருப்புப் பகுதியில் எருக்கு பூக்கலாம், காய்ப்பது அரிதாகும்.

முடிவுரை

கருப்பொருள் ஆய்வுகள் பெரும்பாலும் தாவரப் பெயர்களைத் தொகுப்பதோடு நின்றுவிடுகின்றன. மலர், அதை நாடும் உயிர், நிலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கினால்தான் திணை என்னும் கருத்தின் உறவமைப்பு புலப்படும். அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றின் கரைகளில் காய்த்த எருக்கையும் காய்க்காத எருக்கையும் மாணவர்களைக் கொண்டு பதிவுசெய்வது எளிய களப்பணி. விதை நிறைந்த ஒரு காய், அங்குத் தேனீ வந்து சென்றதற்குச் சான்றாகும். ஊர்ப்பெயரில் முல்லை நிலைத்துவிட்டது. மண்ணில் நிலைப்பதற்கு அந்துப்பூச்சியும் பறவையும் உடன் வாழ வேண்டும்.